டிரெய்லர் சக்கரம் கழற்றி மாட்டுகையில் முதுகைக் காப்பது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கோடை பிறந்துவிட்டால் டிராக்டர் டிரெய்லர்களுக்கு ஓய்வு இருப்பதில்லை. கண்மாய் வண்டல், தொழு உரம், செங்கல், தைல மரக்கட்டை, கடலை மூட்டை என்று ஏதாவது ஒரு பாரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கத்துச் செம்மண் பாதையானாலும், அறந்தாங்கிப் பக்கத்து வயல் வரப்பானாலும், பஞ்சர் ஆவது பெரும்பாலும் கடைக்கு எட்டாத இடத்தில்தான். அப்போது விவசாயியே சக்கரத்தைக் கழற்ற வேண்டியதாகிறது. டயர் பழுது ஒரு நாளில் சரியாகிவிடும். அதைத் தூக்கியவரின் இடுப்பு பழுதானால் ஒரு போக வேலையே கெட்டுவிடும்.

இடுப்பில் நடப்பது என்ன?

கனமான டிரெய்லர் சக்கரம் ரிம், டியூப் எல்லாம் சேர்த்து 60 கிலோவுக்கு மேலும் இருக்கும். சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1967ஆம் ஆண்டில் செய்த பரிந்துரையின்படி, ஓர் ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மிகக்கூடாது. எனவே இத்தகைய சக்கரம் ஒருவர் தனியாகத் தூக்கும் பொருளே அல்ல.

எடையை விட, தூக்கும் விதமே அதிகக் கேடு செய்கிறது. குனிந்து தூக்கும்போது இடுப்பு எலும்பு ஒரு நெம்புகோலின் தாங்குமுனை போல ஆகிவிடுகிறது. பாரம் அதற்கு முன்னால் சுமார் 40 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. அதை இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசையோ பின்னால் சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே தசை 8 மடங்கு இழுக்க வேண்டும். 60 கிலோ சக்கரத்துக்கு இது 480 கிலோ ஆகிறது. குனிந்திருக்கும் உடம்பின் எடை இதற்கு மேல். இத்தனையும் எலும்புகளுக்கு இடையே உள்ள தட்டுகளை நசுக்குகிறது.

வெறுமனே குனிந்தாலும் பாரம் கூடுகிறது. சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் இந்தத் தட்டுகளின் அழுத்தத்தை 1960களில் அளந்து பார்த்தார். நிமிர்ந்து நிற்கையில் உள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால், முன்னால் குனிந்து நிற்கையில் அது 150 ஆகிறது என்று கண்டார்.

தூக்காமல் நெம்பலாம்

முதுகைக் கெடுக்கும் இதே நெம்புகோலை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். 5 அடிக் கடப்பாரையின் நுனியை டயருக்கு அடியில் விட்டு, நுனியிலிருந்து அரை அடி தள்ளிக் கடப்பாரைக்குக் கீழே ஒரு கட்டையை வைக்க வேண்டும். மறுமுனையை அழுத்தினால் 9 மடங்கு பலன் கிடைக்கும். 60 கிலோ சக்கரத்தை மேலே எழுப்ப 7 கிலோ அழுத்தமே போதும்.

மாட்டு வண்டிக்கு மை போடும் பெரியவர்கள் இதை அறிந்தே இருந்தனர். வண்டிக்கு முட்டுக் கொடுத்து, கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை அச்சிலேயே நழுவ விடுவார்களே தவிர, அதைக் கையில் தூக்குவதில்லை. டிரெய்லர் சக்கரத்துக்கும் அதுவே வழி.

கழற்றும் முறை

1. பாரத்தை இறக்கிவிட வேண்டும். டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றாமல், சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, பிரேக்கைப் பூட்ட வேண்டும். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும்.

2. சக்கரம் தரையில் அழுந்தி இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகிக்கொண்டால் வெட்டி இழுக்க வேண்டியிராது. துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வைப்பது நல்லது.

3. ஜாக்கியைப் பலகை மேல் வைத்து அச்சுக்குக் கொடுக்க வேண்டும். டயர் தரையை விட்டு ஒரு விரல் அளவு எழும்பினால் போதும். உயர்த்த உயர்த்த, திரும்ப மாட்டுகையில் சக்கரத்தையும் அவ்வளவு உயரம் ஏற்ற வேண்டியிருக்கும். உடனே அச்சுக்கு அடியில் கனத்த கட்டை அடுக்கிவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ உள்ளே விடக்கூடாது.

4. டயருக்கு அடியில் கிரீஸ் தடவிய பலகையைச் செருகி, மேல் நட்டைக் கடைசியாகக் கழற்ற வேண்டும். ஒருவர் சக்கரத்தின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொள்ள, சக்கரம் பலகை மேல் வழுக்கி வெளியே வந்துவிடும்.

5. கழற்றிய சக்கரத்தை உருட்டிச் சென்று சுவரிலோ மரத்திலோ சாய்த்து வைக்க வேண்டும். படுக்கப் போட்டால் மறுபடி நிமிர்த்தும் வேலை மிஞ்சும்.

ஜாக்கி இல்லாதபோது, அச்சுக்கு அடியில் கட்டைகளை இறுக்கமாக அடுக்கிவிட்டு, டயருக்குக் கீழே உள்ள மண்ணை வெட்டி எடுக்கலாம். சக்கரம் தானாகவே தரையை விட்டு விலகிவிடும்.

மாட்டும் முறை

படுத்திருக்கும் சக்கரத்தை நிமிர்த்த, கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முதுகை நேராக வைத்து, ஒரு விளிம்பை மட்டும் காலின் பலத்தால் எழுப்ப வேண்டும். எதிர் விளிம்பு தரையில் ஊன்றிப் பாதிப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு பேர் இருந்தால் மேலும் நல்லது.

சக்கரத்தை ஹப்புக்கு நேராக உருட்டி வந்து, ஒரு துளை மேல் போல்ட்டுக்கு நேராக வரும்படி சுற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் கடப்பாரையால் நெம்ப, மற்றவர் மேல் விளிம்பைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும். துளைக்குள் விரலை விட்டுப் பார்ப்பது ஆபத்து. மேல் நட்டை முதலில் கையால் முடுக்கி, பிறகு ஒன்றுக்கு எதிர் ஒன்றாக மற்றவற்றை முடுக்க வேண்டும். கட்டைகளை எடுத்து, சக்கரம் தரையில் அமர்ந்த பின்பே முழு இறுக்கம் தர வேண்டும். பாரத்துடன் சில கிலோ மீட்டர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி சோதிப்பது அவசியம்.

பூட்டு வளையம் வைத்த ரிம்மாக இருந்தால், காற்றை முழுதும் இறக்கும் முன் வளையத்தைத் தொடக்கூடாது. காற்று அடிக்கும்போது அதற்கு நேர் எதிரே நிற்பதும் கூடாது. வளையம் தெறித்து உயிர்ச்சேதம் நேரும்.

எந்த நேரத்தில் கூடாது?

இரவெல்லாம் படுத்திருக்கையில் முதுகுத் தட்டுகள் நீரை இழுத்து உப்பியிருக்கும். எழுந்த உடனே குனிந்து பாரம் தூக்கினால் அவை எளிதில் சேதப்படும். ஒரு மணி நேரமாவது கழித்தே இவ்வேலையைத் தொடங்குவது நல்லது. வெகுநேரம் டிராக்டர் ஓட்டி இறங்கியவரும் சில நிமிஷம் நடந்துவிட்டுக் கை வைக்க வேண்டும். பாரத்தைப் பிடித்தபடி இடுப்பைத் திருகாமல், பாதத்தை நகர்த்தித் திரும்ப வேண்டும்.

கடப்பாரை ஒன்று, பலகை இரண்டு, கனத்த கட்டை சில, குழாய் ஒன்று ஆகியவை எப்போதும் டிரெய்லரில் இருக்கட்டும். இவற்றுக்காகும் செலவு, ஒரு முறை வைத்தியரிடம் போய்வரும் செலவைவிட அதிகமாகாது.

அப்படியும் இடுப்பு பிடித்துக்கொண்டால் பாரம் தூக்குவதை நிறுத்திவிட்டு, வலி பொறுக்கும் அளவுக்கு மெல்ல நடமாடலாம். வலி காலுக்குள் இறங்கினாலோ, கால் மரத்துப் பலம் குறைந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் கழிப்பதில் தடை ஏற்பட்டாலும், மறைவிடத்தில் உணர்ச்சி குறைந்தாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும். இதற்குத் தைலம் தேய்த்துப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது.