நாய்க்கு எலும்பு கொடுக்கலாமா?



நாயின் படம் வரைக என்று இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கூறிப் பாருங்கள். பாதிப் பேர் அதன் வாயில் ஓர் எலும்பையும் சேர்த்தே வரைந்து விடுவர். நாய் என்றால் எலும்பு என்னும் எண்ணம் அத்துணை ஆழமாக நம் மனத்தில் பதிந்து கிடக்கிறது. தோட்டத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி சமைத்தால், உண்டு முடித்துத் தட்டில் ஒதுக்கிய எலும்புகள் யாவும் பின்வாசலில் காத்திருக்கும் நாய்க்கே சென்று சேர்கின்றன. அதனை நாம் அன்பென்று கருதுகிறோம். அன்புதான், ஐயமில்லை. ஆயினும் சமைத்த எலும்பு நாய்க்கு ஏற்ற உணவன்று. சில வேளைகளில் அது நாயின் உயிரையே வாங்கிவிடும். இதனைத் தெளிவுபடுத்தவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

எலும்பு எதனால் ஆனது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரமும் சேர்ந்த கனிமப்பொருள். எஞ்சியதில் பெரும்பகுதி கொல்லாஜன் எனப்படும் நார்ப்பொருள். கனிமம் எலும்புக்குக் கடினத்தைத் தருகிறது. நார்ப்பொருள் அதனைச் சற்றே வளைந்துகொடுக்கச் செய்கிறது. கட்டடத்தின் தூணில் சிமெண்டும் இரும்புக் கம்பியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைப் போன்றது இது.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோழித்தொடை எலும்பு ஒன்றைக் கழுவி, கண்ணாடிப் புட்டியில் இட்டு, அது மூழ்குமளவு புளிக்காடி ஊற்றி மூடி வைக்க வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை காடியை மாற்ற வேண்டும். நாலைந்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், எலும்பு ரப்பரைப் போல வளையும். காடியிலுள்ள அமிலம் கனிமத்தைக் கரைத்துவிட, நார்ப்பொருள் மட்டுமே எஞ்சியிருப்பதே காரணம். இதற்கு நேர்மாறான சோதனையைப் பெரியவர்களே செய்தல் வேண்டும். மற்றோர் எலும்பை விறகடுப்பின் தணலில் நன்றாக எரித்து, ஆறிய பின் விரலால் அழுத்தினால் அது பொடிந்துவிடும். இம்முறை நார் எரிந்து போயிற்று. கனிமம் மட்டும் நின்றது.

சமையலில் நிகழ்வது இவ்விரண்டாவது சோதனையின் பாதி எனலாம். வேகும்போது நார்ப்பொருளில் ஒரு பகுதி ஜெலட்டின் என்னும் பசையாக மாறிக் குழம்பில் கரைந்துவிடுகிறது. ஆட்டுக்கால் சாறு ஆறியதும் கூழ்போல் உறைவது இப்பசையினால்தான். பொரிக்கும்போதும் சுடும்போதும் எலும்பிலுள்ள ஈரமும் போய்விடுகிறது. வளையும் தன்மையை இழந்த எலும்பைக் கடித்தால் அது நசுங்குவதில்லை; பிளக்கிறது. கோழியின் கால் எலும்பு, இறக்கை எலும்பு ஆகியவை மெல்லியவை, நீளமானவை. ஆகையால் அவை நீளவாக்கில் பிளந்து ஊசிபோன்ற முனைகளாகின்றன. பச்சை எலும்பைக் காட்டிலும் வெந்த எலும்பே பொல்லாதது என்று சொல்வதன் காரணம் இதுவே.

நாயின் தாடை மேலும் கீழுமாகவே அசையும். மாடு அசைபோடுவதைப் போலவோ நாம் மெல்லுவதைப் போலவோ அது பக்கவாட்டில் அரைப்பதில்லை. கடிக்கும், கிழிக்கும், விழுங்கும். அருகில் வேறொரு நாய் நின்றுவிட்டாலோ கடிப்பதுகூட இல்லை, விழுங்குதல் ஒன்றே. அவ்வாறு விழுங்கிய துண்டு உணவுக்குழாயில், நெஞ்சுக்குள் நுழையும் இடத்திலோ, இதயத்தின் அருகிலோ, இரைப்பையைச் சேர்வதற்குச் சற்று முன்னரோ சிக்கிக்கொள்வதுண்டு. இரைப்பையைக் கடந்து சென்ற கூரிய துண்டு குடலைக் கிழிக்குமாயின், குடலிலுள்ள கிருமிகள் வயிற்றறைக்குள் பரவி நாய் இறந்துவிடும். கிழிக்காவிடினும் அரைபட்ட எலும்பு குடலின் கடைப்பகுதியில் சுண்ணாம்புக் கட்டியாக இறுகி, நாய் மலங்கழிக்க இயலாமல் முக்கி முனகும். இவை தவிரப் பல் உடைதலும் உண்டு. வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். மேல்தாடையின் இருபுறமும் உள்ள பெரிய பற்களே எலும்பைக் கடிக்கையில் பெரும்பாலும் பிளப்பவை. மாட்டின் கால் எலும்பு போன்றவை அப்பல்லைக் காட்டிலும் வலியவை.

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு மறுநாள் நம் லயத்தில் நடந்த ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வளர்த்த நாய் உண்ண மறுத்தது. எச்சில் வடித்தது, நின்ற இடத்திலேயே முதுகை வளைத்து நின்றது. பாம்பு தீண்டியிருக்கும் என்றார் ஒருவர்; யாரோ நஞ்சு வைத்துவிட்டனர் என்றார் மற்றொருவர். மூன்றாம் நாள்தான் வேன் பிடித்துப் பட்டணத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றனர். எக்ஸ்ரே படத்தில் கோழி எலும்பு தெளிவாகத் தெரிந்ததாம். காலம் கடந்துவிட்டது. பள்ளி திறந்த அன்று அம்மாணவன் நம்மிடம் வந்து, “நான்தான் ஐயா கொடுத்தேன். அதுக்கும் தீபாவளிதானே என்று கொடுத்தேன்” என்றான். அவனுக்கு யாம் என்ன விடை கூற முடியும்? அவன் செய்தது அவன் வீட்டார் செய்ததும், அவர்தம் பாட்டனார் செய்ததுமே அன்றோ?

“எங்கள் தாத்தா காலத்திலிருந்து எலும்புதான் போட்டோம், நாய்கள் நன்றாகத்தானே இருந்தன?” என்று பெற்றோர் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. நாயின் இரைப்பையில் ஊறும் அமிலம் மிக வலியது. பல எலும்புகளை அது கரைத்துவிடும் என்பது உண்மை. பத்து முறை கேடில்லாமல் போகலாம். பதினோராவது முறை எவ்வாறிருக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. மேலும், அக்காலத்தில் கோழிக்கறி என்பது பெருநாளுக்கும் விருந்தாளிக்கும் உரியது. இன்று வாரத்திற்கு இருமுறை கோழி வாங்காத வீடு குறைவு; பொட்டலத்தில் வரும் பொரித்த கோழி வேறு. இன்னொன்றும் உண்டு. அந்நாளில் இறந்த நாய்களின் வயிற்றை யார் படம் எடுத்துப் பார்த்தார்கள்? நோயுற்ற நாய் புதரோரம் சென்று படுத்துவிடும். பாம்பின்மீது நாம் சுமத்திய பழிகளில் எத்தனை எலும்புக்கு உரியனவோ!

கடையில் நாய்களுக்கென்றே உலர்த்தியும் புகையூட்டியும் பொதியிட்டு விற்கும் எலும்புகளும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவையல்ல. அமெரிக்க நாட்டின் உணவு, மருந்து நிருவாகம் 2010ஆம் ஆண்டின் இறுதி முதல் 2017 வரை இத்தகைய எலும்புகளைப் பற்றி ஏறத்தாழ 68 முறையீடுகளைப் பெற்றது. அவற்றில் குறிக்கப்பட்ட நாய்கள் சுமார் 90. இறந்தவை ஏறத்தாழ 15.

பச்சை எலும்பாயின் கொடுக்கலாமோ என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். அது எளிதில் பிளவுபடாது என்பது மெய்யே. நாயின் வாய்க்குள் அடங்காத பெரிய எலும்பாகக் கொடுத்து, அருகிலிருந்து பார்த்து, சிறிது நேரத்தில் திரும்ப எடுத்துவிடுவோரும் உளர். ஆயினும் பல் உடையும் இடர் அதிலும் உண்டு. பச்சை இறைச்சியில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். எலும்பைக் கவ்விய வாயால் நாய் குழந்தையின் கையை நக்கும். அக்கை கழுவப்படாமலே சோற்றில் படும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பச்சை எலும்பும் வேண்டா என்பதே நம் கருத்து.

கூர்மதி படைத்த மாணவன் ஒருவன், “டின் சார்டினில் உள்ள முள்ளும் வெந்ததுதானே, அது மட்டும் ஏன் குத்துவதில்லை?” என்று கேட்டான். மகிழ்ந்தோம். டின்னில் அடைத்த மீனை நீரின் கொதிநிலையைக் காட்டிலும் மிகுந்த வெப்பத்தில், அழுத்தத்தின்கீழ் வேகவைக்கின்றனர். மெல்லிய முள்ளாதலால் அது முற்றும் குழைந்து, விரலால் நசுக்கினாலே மாவாகிவிடுகிறது. நம் வீட்டு அடுப்பில், குழம்புச் சட்டியில் வேகும் கோழி எலும்பு அந்நிலையை எட்டுவதில்லை.

குழம்பு எலும்பில் மற்றொரு தீங்கும் மறைந்துள்ளது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகா. அவற்றிலுள்ள பொருள்கள் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை அழிப்பவை. வேகவைத்தாலும் அத்தன்மை நீங்குவதில்லை. உண்ட சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, நாய் சோர்ந்து படுக்கும். மசாலைக் குழம்பில் ஊறிய எலும்பைப் போடுகையில் வெங்காயச் சாற்றையும் சேர்த்தே ஊட்டுகிறோம்.

அவ்வாறாயின் நாய்க்கு எதைக் கொடுப்பது? நாய் சோற்றைச் செரிக்க வல்லது. ஓநாயைக் காட்டிலும் மாவுச்சத்தைச் செரிக்கும் ஆற்றல் நாய்க்கு மிகுதி என்பதை 2013ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிவியலார் மரபணுவைக் கொண்டு காட்டினர். மனிதனோடு பன்னெடுங்காலம் வாழ்ந்து பெற்ற பேறு அது. வெங்காயம், பூண்டு, மிளகாய், உப்பு சேர்க்குமுன் சிறிது கறியைத் தனியே வேகவைத்து, எலும்பை நீக்கி, சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். எலும்பின் சுவையே வேண்டுமெனில், வெறும் நீரில் வேகவைத்து வடிகட்டிய சாற்றைச் சோற்றில் ஊற்றினால் நாய் தட்டையும் சேர்த்து நக்கும். ஆனால் சோறும் கறியும் மட்டும் உண்ணும் நாய்க்குச் சுண்ணாம்புச் சத்துப் போதாது; குட்டிகளுக்கு அது மிகத் தேவை. ஆதலால் கடையில் விற்கும் நாய்த்தீனியை அன்றாடம் ஓரளவு சேர்ப்பது நலம். எலும்புகளை மூடியுள்ள குப்பைத் தொட்டியில், பையை நன்றாகக் கட்டிப் போட வேண்டும். ஆழமில்லாக் குழியில் புதைத்தால் அன்றிரவே நாய் தோண்டிவிடும்.

எத்துணைக் காத்தும் நாய் எலும்பைத் தின்றுவிட்டால், உப்புநீர் ஊற்றி வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். இறங்கும்போது கிழிக்காத முனை ஏறும்போது கிழிக்கக்கூடும். நாய் வழக்கம்போல் உண்டு ஓடியாடினால் மூன்று நான்கு நாள் அதன் மலத்தைக் கவனித்து வந்தால் போதும். எச்சில் வடித்தல், ஓயாமல் குமட்டுதல், காலால் வாயைப் பிறாண்டுதல், உண்ண மறுத்தல், வயிறு உப்புதல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் மறுநாள்வரை காத்திராது மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். உணவுக்குழாயில் சிக்கிய எலும்பை அறுவையின்றியே குழாய்க் கருவியால் வெளியே எடுக்கவும், சில வேளைகளில் இரைப்பைக்குள் தள்ளிக் கரையவிடவும் அவரால் இயலும். ஆனால் நேரம் தாழ்ந்தால் அவ்வழி அடைபட்டுவிடும். எந்த எலும்பு, எத்தனை துண்டு, வெந்ததா பச்சையா, எத்தனை மணிக்குத் தின்றது என்பனவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதே எலும்பில் ஒரு துண்டு எஞ்சியிருந்தால் அதனையும் காகிதத்தில் மடித்து உடன் எடுத்துச் செல்லுங்கள்.