முகவர் முதல் உயர் ஆணையர் வரை: இலங்கையில் இந்தியப் பேராளர் பதவியின் தோற்றம்

இலங்கைக்கான இந்தியத் தூதர்களின் வரலாற்றை 1947இலிருந்து தொடங்குவது பெருவழக்கு. அவ்வாறு தொடங்கின் அப்பதவியின் வேர் மறைந்துவிடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1923இல் இந்திய அரசின் முகவர் இலங்கையில் அமர்த்தப்பெற்றார். கண்டியில் இயங்கிய அவர்தம் அலுவலகத்தின் முதன்மைப் பணி அரசுறவு அன்று. தோட்டத் தமிழரின் கூலி, குடியிருப்பு, நலவாழ்வு ஆகியவற்றைக் கண்காணிப்பதே. அக்காலத்தில் கல்லல், காரைக்குடி முதலிய செட்டிநாட்டுப் பகுதிகளின் நகரத்தாரும் இலங்கையில் வட்டித்தொழில் நடத்தினர். ஆயினும், முகவர் பதவி வணிகர் பொருட்டன்றி உழைப்பாளர் பொருட்டே உருவாயிற்று.

இம்மரபின் தொடர்ச்சியாகவே, தொழிற்சங்கத் தலைவரான வி. வி. கிரி முதல் உயர் ஆணையராகப் பணியாற்றியதைக் (1947–1951) கருதலாம். காமன்வெல்த் நாடுகளிடையே தூதர் இப்பெயரே பெறுவர். அவர் பதவிக்காலத்தில் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. முகவர் இம்மக்களை இந்தியராகக் கொண்டு அவர்களுக்காகப் பேசினார். உயர் ஆணையர் காலத்திலோ 'இவர்கள் எந்நாட்டவர்?' என்பதே வினாவாயிற்று.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னைய பேச்சுக்கு விடப்பட்டது.

எனவே, இப்பதவியை ஆராய்வோர் புதுதில்லி–கொழும்பு உறவோடு அமையாது, முகவர்களின் ஆண்டறிக்கைகளையும் மலையகத் தமிழர் வரலாற்றோடு இணைத்துப் பயிலுதல் வேண்டும்.