எலிகள் சொல்வதும் சொல்லாததும்

உலகில் உறுதிசெய்யப்படும் கர்ப்பங்களில் ஏறத்தாழ 15 சதவீதம் கருச்சிதைவில் முடிகின்றன. ஆண்டுதோறும் சுமார் 2.3 கோடி கருக்கள் இவ்வாறு இழக்கப்படுகின்றன என 2021-ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான கட்டுரைகள் மதிப்பிட்டன. இத்தகைய இழப்புக்குப் பின் பல வீடுகளில் அந்தப் பெண்ணே விசாரிக்கப்படுகிறாள். 'என்ன சாப்பிட்டாய்? எதைத் தூக்கினாய்? எங்கே போனாய்?' என்று ஆறுதல்போலத் தொடங்கும் கேள்விகள் பழியாக முடிகின்றன.

குடலில் வாழும் நுண்ணுயிரிகளுக்கும் கரு நிலைப்பதற்கும் தொடர்பு உண்டு என்பதை ஆய்வக எலிகளில் நடைபெறும் ஆராய்ச்சிகள் இப்போது காட்டி வருகின்றன. அரிய அறிவுதான். ஆனால், அது மேற்கண்ட கேள்விகளுடன் இன்னொன்றாகச் சேர்ந்துவிடக் கூடாதே என்பது என் கவலை. நான் மருத்துவன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். எனினும், சான்றுகளை எடைபோடுவது இரு துறைகளுக்கும் பொதுவான பணி.

கருவின் மரபணுக்களில் பாதி தந்தையினுடையவை. வேறொருவரின் தோலை நம் உடலில் ஒட்டினால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை ஏற்பதில்லை. அவ்வாறாயின், பாதி அந்நியமான கருவைத் தாயின் உடல் எவ்வாறு ஏற்றுச் சுமக்கிறது? இக்கேள்வியை 1953-இல் தெளிவாக முன்வைத்தவர் பிரிட்டிஷ் அறிவியலாளர் பீட்டர் மெடாவர்.

விடையின் சில பகுதிகளை எலிகள் தந்தன. டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கும் ஒரு நொதியின் செயலை அமெரிக்க ஆய்வாளர்கள் கருவுற்ற எலிகளில் தடுத்தனர். வேறு மரபுவழித் தந்தைக்கு உருவான கருக்கள் அழிந்தன. தாயின் மரபையே ஒத்த கருக்கள் பிழைத்தன. இது 1998-இல் வெளிவந்தது. நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கட்டுக்குள் வைக்கும் 'ஒழுங்காற்று டி செல்களை' நீக்கினாலும் இதே விளைவு ஏற்படுவது 2004-இல் தெரியவந்தது. இச்செல்கள் குறித்த கண்டுபிடிப்புகளுக்கே 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆக, கர்ப்பம் என்பது ஓர் அமைதி உடன்பாடு. அதைக் குலைக்கக்கூடியவற்றுள் ஒன்று அழற்சி. அதாவது, தொற்றுக்கும் காயத்துக்கும் உடல் காட்டும் எதிர்வினை. சிலவகை பாக்டீரியாக்களின் செல் சுவரிலுள்ள நச்சுப்பொருளைக் கருவுற்ற எலிக்குச் செலுத்தினால், அழற்சி மூண்டு கருக்கள் மடிகின்றன. மடிந்த கருவைப் பெரும்பாலும் தாயின் உடலே உட்கிரகித்துக் கொள்கிறது.

எனில், பாக்டீரியாக்களே இல்லாதிருந்தால் கரு பாதுகாப்பாக இருக்குமா? இல்லை என்கிறது அமெரிக்காவின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களின் அண்மைக்கால ஆய்வு. நுண்ணுயிரிகள் அற்ற சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளில் கரு இழப்பு கூடியது. தாயும் கருவும் இணையும் இடத்தில் அழற்சி மிகுந்திருந்தது. டிரிப்டோஃபானிலிருந்து குடல் நுண்ணுயிரிகள் உருவாக்கும் பொருள்கள் அமைதி காக்கும் செல்களுக்குத் துணைநிற்பதாக அந்த ஆய்வு தெரிவிக்கிறது. 1998-இல் பேசப்பட்ட அதே அமினோ அமிலம் வேறு வழியாக மீண்டும் வந்திருக்கிறது.

குடல் நுண்ணுயிரிகள் எல்லாம் காவலர்கள் என்றும் கொள்ள முடியாது. எலிகளின் குடலில் வாழும் நூலிழை வடிவ பாக்டீரியா ஒன்று அழற்சி தூண்டும் செல்களைப் பெருக்குகிறது என்பது 2009-இல் கண்டறியப்பட்டது. டகோனிக் நிறுவனத்திலிருந்து வந்த எலிகளில் அது இருந்தது. ஜாக்சன் ஆய்வகத்தின் எலிகளில் இல்லை. இந்த வேறுபாடு 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் பெரிதும் உதவியது. கருவுற்ற எலிகளில் வைரஸ் தொற்றைப் போன்ற நிலையைச் செயற்கையாக உண்டாக்கியபோது, அந்த பாக்டீரியாவைச் சுமந்த தாய்களின் குட்டிகளிடம் மூளை வளர்ச்சிக் கோளாறுகள் தோன்றின. அது இல்லாத தாய்களின் குட்டிகளிடம் தோன்றவில்லை.

பொருளியலில் 'மற்றவை மாறாதிருப்பின்' என்னும் நிபந்தனையின்றி எந்த விதியையும் சொல்வதில்லை. ஆய்வகத்தில் அந்நிபந்தனையைப் பெருமளவு நிறைவேற்றலாம். ஒரே மரபு, ஒரே தீவனம், ஒரே கூண்டு. அங்கேயே எலி எங்கிருந்து வாங்கப்பட்டது என்பது முடிவை மாற்றுகிறது. சுமார் 20 நாள்களில் பல குட்டிகளை ஈனும் எலியிலிருந்து, ஒன்பது மாதம் ஒரு குழந்தையைச் சுமக்கும் பெண்ணுக்கு நேராகத் தாவுவது எப்படிச் சரியாகும்?

இதற்கு ஒரு முன்பாடம் உண்டு. ஈறு நோயுள்ள பெண்களுக்குக் குறைப்பிரசவம் மிகுதி என்று பல ஆய்வுகள் கூறின. ஈறுகளின் பாக்டீரியா, அதனால் அழற்சி, அதனால் குறைப்பிரசவம் என்ற விளக்கமும் பொருத்தமாகத் தோன்றியது. ஆனால், அமெரிக்காவில் 800-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கர்ப்ப காலத்திலேயே ஈறு சிகிச்சை அளித்துப் பார்த்தபோது, ஈறுகள் நலமடைந்தன; குறைப்பிரசவம் குறையவில்லை. இம்முடிவு 2006-இல் வெளியானது. தொடர்பு என்பது காரணம் ஆகாது. காரணமே ஆனாலும், அதை நீக்குவதற்கு நாம் கண்ட வழி பயன் தரும் என்பதற்கு உறுதியில்லை.

சந்தை இவ்வளவு பொறுமை காட்டாது. 'நல்ல பாக்டீரியா' என்ற பெயரில் மாத்திரைகளும் பானங்களும் விற்பனைக்கு உள்ளன. துயரத்தில் இருப்பவர் விலையைப் பேரம் பேசுவதில்லை. வாங்குபவரைவிட விற்பவருக்கு அதிகம் தெரிந்த சந்தையில் ஏமாற்றம் இயல்பானது என்பது பொருளியலின் பழைய பாடம். அதேபோல, பாக்டீரியா கெடுதல் என்று அஞ்சித் தாமாகவே ஆன்டிபயாடிக் மருந்துகளை உட்கொள்வதும், மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவதும் ஆபத்தானவை.

மனிதர்களைப் பொருத்தவரை நன்கு நிறுவப்பட்ட செய்தி வேறு. தொடக்ககாலக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் பிழைகளே. அவை பெரும்பாலும் தற்செயலாக நிகழ்பவை; உணவாலும் உழைப்பாலும் வருபவை அல்ல. இழப்பு திரும்பத் திரும்ப நேர்ந்தால், தைராய்டு சுரப்பு, கருப்பையின் அமைப்பு, ரத்த உறைவுக் கோளாறுகள், பெற்றோர் இருவரின் குரோமோசோம்கள் ஆகியவற்றைப் பரிசோதிக்க வழியுண்டு. இவற்றுள் சிலவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு. கணவனும் உடன்சென்று செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை இது.

தாயின் உடல் கருவை எவ்வளவு நுட்பமான ஏற்பாடுகளால் காக்கிறது என்பதை எலிகள் நமக்குக் கற்றுத் தருகின்றன. அந்த ஏற்பாடுகளில் எதுவும் அவளுடைய விருப்பத்தின்படி இயங்குவதில்லை. அவள் கையில் இல்லாத ஒன்றுக்கு அவளைப் பொறுப்பாக்கும் பழக்கத்தைக் கைவிட, எந்த ஆய்வின் முடிவுக்காகவும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.