இறக்கத்தில் ஏறும் கணக்கு

கண்டியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கப்டன் டோசனின் ஞாபகார்த்தக் கோபுரத்தைத் தாண்டிக் கடுகண்ணாவைக் கணவாயின் வளைவுகள் கீழிறங்கத் தொடங்கும் இடத்தில், மடவளை நண்பர் ஒருவர் தம் நிஸான் லீஃப் மின்சாரக் காரின் கியர்க் குமிழை ‘B’ என்ற எழுத்துக்குத் தட்டிவிட்டு, பிரேக்கில் கால் வைக்காமலே வண்டியை அடக்கி இறக்கிக்கொண்டு, “நானா, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க” என்று முகப்பிலிருந்த எண்ணைக் காட்டினார். மேலே 71 சதவீதமாக இருந்த பற்றரி, கணவாயின் அடிவாரத்தில் 73 ஆகியிருந்தது.

பெற்றோல் வண்டி இதே இறக்கத்தில் வருகையில், எரிபொருளைச் செலவழித்து ஈட்டிய உயரம் பெரும்பாலும் பிரேக் தட்டுகளின் உஷ்ணமாக மாறிக் காற்றில் கரைந்து போகிறது. அடிவாரத்தில் நாம் முகரும் கருகல் வாசனை அதுவே. மின்சார வாகனத்திலோ, சக்கரத்தைச் சுழற்றிய மோட்டாரை இப்பொழுது சக்கரம் சுழற்ற, அது மின்பிறப்பாக்கியாகி, சுழல்வதற்குத் தான் காட்டும் எதிர்ப்பினால் வண்டியைத் தடுத்துக்கொண்டே, பிறந்த மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. மடவளை வாசிகளுக்கு இது அந்நியமான தத்துவமன்று. அவர்களுக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்க வழியே அதன் ஜலத்தை உக்குவளைக்கு இறக்கி, 1976 முதல் மின்சாரம் எடுத்து வருகிறார்களே, அங்கே இறங்குவது நீர், இங்கே இறங்குவது வண்டி. ஆட்களோடு ஒன்றரைத் தொன் நிறையுள்ள காரைக் கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான சக்தி, கணக்கிட்டுப் பார்த்தால், சுமார் 2 யூனிட் மின்சாரமே. உருளும் உராய்வுக்கும் காற்றின் தடைக்கும் ஆகும் செலவு வேறு. அந்த இரண்டு யூனிட்டும் அப்படியே மீள்வதில்லை. ஆனால் ஒரு பங்காவது மீள்கிறது என்பதே எனக்குப் பெரிய அதிசயமாகப் படுகிறது.

இதில் மலைநாட்டார் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. மேட்டிலே வீடிருந்து, இரவெல்லாம் சார்ஜ் போட்டு, 100 சதவீதம் நிறைந்த பற்றரியோடு காலையில் பள்ளத்தில் இறங்குபவருக்கு, திரும்பி வரும் மின்சாரத்தை வைக்கப் பற்றரியில் இடமிராது. ஆகையால் மோட்டார் வழக்கம்போல் வண்டியைப் பிடிக்காது, பாரமெல்லாம் பிரேக் மீதே விழும். 80 அல்லது 90 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது பற்றரிக்கும் ஆயுளைக் கூட்டும்.

இந்த லீஃப் கார்கள் யப்பானிலிருந்து நம் நாட்டில் அதிகமாக வந்திறங்கியது 2014, 2015 ஆம் ஆண்டுகளில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் பெற்றோல் செட்டுகளில் இரவு பகலாக வரிசை நீண்டு, கியூஆர் அட்டைக்கு அளந்து எரிபொருள் கொடுத்த நாட்களில், அதுவரை விளையாட்டுச் சாமான் என்று ஏளனம் செய்யப்பட்ட இவ்வண்டிகளின் மதிப்பை அனைவரும் உணர்ந்தனர். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு மீண்டும் திறந்தபின் சீனத்து பிவைடி முதலிய புதியவை வீதிக்கு வந்துள்ளன. எனினும் நடுத்தரக் குடும்பத்தார் கார் சேலில் விசாரிப்பது பெரும்பாலும் பழைய லீஃபையே.

அங்கே வர்ணத்தையும் சீட் உறையையும் பார்த்து மயங்கலாகாது. முகப்பின் வலது ஓரத்தில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 சிறு கோடுகள் உள்ளன. முதல் கோடு மறையப் பற்றரி 15 சதவீத வலுவை இழந்திருக்க வேண்டும். அதன்பின் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் இழக்கும்தோறும் ஒவ்வொன்றாக மறையும். எட்டுக் கோடு மிஞ்சிய வண்டியில் மூன்றிலொரு பங்கு போய்விட்டது. புதிதாக 24 யூனிட் கொண்ட பற்றரியில் எஞ்சுவது 16 யூனிட்டுக்குள்தான். ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீற்றர் ஓடும் அவ்வண்டியில், 115 கிலோமீற்றர் தூரத்துக் கொழும்பை வழியில் சார்ஜ் போடாமல் எட்ட நினைப்பது துணிச்சலே. கோடுகளை நிறைத்துக் காட்டும் தந்திரமும் சந்தையில் நடப்பதால், ஸ்டியரிங்கின் கீழுள்ள சொக்கெட்டில் ஒரு சிறு கருவியைச் செருகி, உண்மை நிலையைக் கைத்தொலைபேசியில் வாசித்துக் காட்டச் சொல்வது அவசியம். இப்பற்றரியைக் குளிர்விக்க நீரோட்டமோ விசிறியோ இல்லை. ஆதலால் கொழும்பின் வெயிலில் கிடந்த வண்டியைவிடக் கண்டியின் குளிரில் வளர்ந்ததையே நான் விரும்பி வாங்குவேன்.

வீட்டில் சார்ஜ் போடுவதற்கு, 3 கிலோவாட் வேகத்தில், வெறுமையான பற்றரி நிறைய ஓர் இரவு பிடிக்கும். இத்தனை மணி நேரம் இடைவிடாது இப்பாரத்தைச் சுமக்க, இஸ்திரிப் பெட்டிக்காக என்றோ இழுத்த பழைய வயர் போதாது. மெயின் பெட்டியிலிருந்து தடித்த வயர் ஒன்றைத் தனியே இழுத்து, ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். என் நண்பர் முதல் வாரம் முழுவதும், சார்ஜ் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் எழுந்து போய், பிளக்கின் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டே உறங்கினார்.