பந்தயத் திடலில் ஒரு சிறு புக்கி

பிரிட்டனின் குதிரைப் பந்தயத் திடல்களில் உரிமம் பெற்றுத் தனியாகத் தொழில் நடத்தும் சிறு புக்கி, 'பிட்ச்' எனப்படும் தமக்குரிய இடத்தில் (1998 முதல் இது விலைக்கும் கைமாறுகிறது) மின்பலகையை நிறுத்தி, ஒவ்வொரு குதிரைக்கும் விலை, அதாவது வென்றால் தரும் தொகையின் விகிதம், குறிக்கிறார். ஐந்து குதிரைகளுக்கும் ஒன்றுக்கு மூன்று என வைத்து, ஒவ்வொன்றின் மீதும் 25 பவுண்டு விழுந்தால், 125 வாங்கி, வென்றவருக்கு முதலோடு 100 கொடுப்பதால், எது வென்றாலும் 25 மிஞ்சும். ஆனால் பணம் அப்படிச் சீராக விழுவது அரிது என்பதால், ஒரே குதிரை மீது அது குவியும்போது அதன் விலையைக் குறைத்தும், மற்றவற்றின் விலையை உயர்த்தியும், சுமையின் ஒரு பகுதியை இணையப் பந்தயச் சந்தையில் தாமே கட்டித் தள்ளியும், அடுத்த பந்தயத்துக்கு முந்தைய அரைமணி நேரத்துக்குள் அவர் சமாளித்தாக வேண்டும். மழையால் கூட்டம் குறைந்தாலோ, கணக்கு எவ்வளவு சரியானாலும், திடல் கட்டணமும் உதவியாளர் கூலியும் கைப்பணத்திலிருந்தே போகும்.