வாய்ப்புற்று நோய்: அறிதலும் காத்தலும்

புற்று என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது வேலியோரத்தில் எழும் கறையான் மேடே. வெளியே தெரிவது ஒரு சாண் மண்; உள்ளே அது எத்துணைத் தூரம் சென்றுள்ளது என்பதை மண்வெட்டி எடுத்தவனே அறிவான். கிரேக்க வைத்தியர் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். கட்டியிலிருந்து நாற்புறமும் விரியும் குழாய்கள் நண்டின் கால்களைப் போலத் தோன்றினமையால் அப்பெயர் வந்தது என்பர். இரு பெயரும் பொருந்துவனவே. எனினும் வாயில் வரும் புற்றுக்கு ஒரு வேறுபாடு உண்டு. ஈரலிலும் இரைப்பையிலும் வரும் புற்று கண்ணுக்குப் புலப்படாது. வாயில் வருவதோ ஒரு கண்ணாடியும் பகல் வெளிச்சமும் இருந்தால் நாமே பார்க்கக்கூடியது. அவ்வாறிருந்தும் நோயாளருட் பலர் அது முற்றிய பின்னரே வைத்தியரிடம் செல்கின்றனர்.

இலக்கணம் கற்பிக்கும் யாம் நோயைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் கூறவேண்டும். எம்மோடு ஒரே ஆசிரியர் அறையில் பல்லாண்டு பணியாற்றிய நண்பர் ஒருவர் வெற்றிலைப் பெட்டியும் கையுமாகவே காணப்படுவார். பாடவேளைக்கும் பாடவேளைக்கும் இடையே ஒரு வாய் போடாவிட்டால் தமக்குக் குரல் எழும்பாது என்பார். ஒரு நாள் வலக் கன்னத்தின் உட்புறத்தில் வெண்மையான ஒரு தழும்பைக் காட்டி, "சுண்ணாம்பு சுட்டுப்போட்டுது" என்று சிரித்தார். யாமும் சிரித்தோம். சில மாதங்களில் அவ்விடம் புண்ணாயிற்று. உடைந்த கடைவாய்ப் பல் உரசுகின்றது என்றார், தேன் தடவினார், திரிபலைக் கஷாயத்தாற் கொப்பளித்தார். நோவு இல்லாமையால் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. ஏழு மாதங் கழித்துக் கழுத்தில் நெல்லிக்காயளவு கட்டி தோன்றிய பின்னரே வைத்தியசாலைக்குச் சென்றார். தாடையெலும்பின் ஒரு பகுதியை எடுத்தனர். கதிர்ச் சிகிச்சையும் அளித்தனர். அதன்பின் அவர் வகுப்புக்குத் திரும்பவில்லை. இரண்டாண்டு சென்றபின் மறைந்தார். அவருடைய பெட்டியிலிருந்து பாக்கெடுத்தவர்களுள் யாமும் ஒருவர் என்பதை இங்கு மறைக்க விரும்பவில்லை.

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது உதடு, வாய், தொண்டை ஆகிய இவற்றின் புற்றே. மேலை நாடுகள் பலவற்றில் இந்நோய்க்கு இத்தகைய இடமில்லை. நம் நாட்டிலும் இந்தியாவிலும் இஃது ஏன் இத்துணை மிகுந்துள்ளது? விடை நம் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றது.

தாம்பூலம் நம் பண்பாட்டில் ஊறியது என்பதை யாரும் மறுக்கவியலாது. சிலப்பதிகாரத்தில், மதுரையில் உணவுண்ட கோவலனுக்குக் கண்ணகி கொடுத்தது வெற்றிலையும் பாக்குமே. ஆனால் அவள் புகையிலை கொடுக்கவில்லை, கொடுத்திருக்கவும் முடியாது. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய புகையிலை ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே நம் நாடுகளை அடைந்தது. சங்க நூல்களிலும் கம்பராமாயணத்திலும் அச்சொல்லே இல்லை. பிற்காலத்தில் அதனைத் தூதாக விட்டு ஒரு பிரபந்தமே பாடும் அளவுக்கு அதன் செல்வாக்கு வளர்ந்தது என்பது வேறு செய்தி. யாழ்ப்பாணத்தில் அது பணப்பயிராயிற்று; ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்று விலைபோயிற்று. அவ்வருவாயினால் கல்வி கற்ற குடும்பங்கள் இம்மலரை வாசிப்போரிடையேயும் இருக்கக்கூடும். ஆதலின் புகையிலையைப் பழிப்பது நன்றி மறத்தல் போலச் சிலருக்குத் தோன்றலாம். தோன்றினும், "முன்னோர் போட்ட வெற்றிலைதானே" என்று கூறுவோர் முன்னோர் எவ்வளவு முன்னோர் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும்.

புகையிலையை நீக்கிவிட்டால் தீங்கில்லை என்பது அடுத்த எண்ணம். எம் நண்பரும் இறுதிக் காலத்தில் புகையிலையை விட்டுப் பாக்கை மட்டும் மென்றார். இதுவும் பிழையே. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றை உண்டாக்கும் என்று 1985இல் முடிவு கூறியது. அந்நிலையமே 2004இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், ஏன், தனிப் பாக்குங்கூட, மனிதரிடத்துப் புற்றை உண்டாக்குவன என்று முதல் வகுப்பில் வைத்துக் கூறியது. வெற்றிலைதான் நால்வருள் சாது. அதன்மீது அப்படியொரு குற்றஞ் சாட்டப்படவில்லை. கூட்டுறவால் கெட்டுப்போன பிள்ளை எனலாம்.

பாக்கு செய்வது யாது? அதிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் வாயின் மெல்லிய உட்தோலுக்குக் கீழே நார்களை உற்பத்தி செய்யும் உயிரணுக்களைத் தூண்டுகின்றது. பாக்கில் மிகுதியாக உள்ள செம்பு, அந்நார்களை ஒன்றோடொன்று பிணித்து இறுக்கும் நொதியத்துக்கு வலுவூட்டுகின்றது. சுண்ணாம்பு எரிவை உண்டாக்குவதோடு, பாக்கிலிருந்து கேடு பயக்கும் பொருள்கள் வெளிப்படவும் வழிசெய்கின்றது. நாளடைவில் கன்னத்தின் உட்புறம் இளமையின் நெகிழ்ச்சியை இழந்து வெளிறி, நார்க்கயிறு கட்டியதுபோல் விறைக்கின்றது. வாய் சிறிது சிறிதாகத் திறவாமற் போகின்றது. 1952இல் சுவார்ட்ஸ் என்னும் வைத்தியர், கெனியாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடத்து இந்நிலையைக் கண்டு எழுதினார். வாயின் உட்தோலடி நாரிறுக்கம் என இதனைத் தமிழிற் கூறலாம். இது புற்று அன்று. ஆனால் இதனை உடையோரிற் சிலருக்குப் பின்னர் புற்று தோன்றுகின்றது. பாக்கை நிறுத்தினால் இறுக்கம் மேலும் வளராது தடுக்கலாம். முன் வந்த இறுக்கம் முற்றாக நீங்குவதில்லை.

சுருட்டும் சிகரெட்டும் பீடியும் இவ்வாறே தீங்கு செய்வன. மதுவும் சேருமாயின் கேடு இரண்டின் கூட்டுத்தொகையாக நில்லாது அதனினும் பன்மடங்காகப் பெருகும். கள்ளுக் கொட்டிலில் சுருட்டும் புகைப்பவர் இதனை நினைவிற் கொள்க.

இனி, அறியும் வழிக்கு வருவோம். வாயில் வரும் சாதாரணப் புண் நோகும், எரியும், பத்து நாளில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில், ஆறிவிடும். இரண்டு வாரங் கடந்தும் ஆறாத புண், நோவில்லாததாயினும், பல் வைத்தியரிடம் காட்டப்பட வேண்டியது. நோவில்லாததாயின் இன்னும் விரைந்து காட்டப்பட வேண்டியது என்றே கூறுவோம். தொடக்கத்தில் வலியில்லாமையே இந்நோயின் வஞ்சகம். துடைத்தால் போகாத வெண்தழும்பு ஒரு குறி. பட்டுப் போன்ற செந்நிறத் தழும்பு அதனினும் அஞ்சத்தக்கது. கறியின் உறைப்பு முன்போலன்றித் தாங்கவொண்ணாமை, காரணமின்றி ஒரு பல் ஆடுதல், உதடோ நாக்கோ மரத்துப் போதல், நாக்கை நீட்டுகையில் ஒருபுறம் இழுத்தல், விழுங்குகையில் தடை, பல்லுக் கழற்றிய குழி மூடாமை, கழுத்தில் நோவற்ற கட்டி ஆகியனவும் குறிகளே. இவற்றுள் ஒன்றிருந்தால் புற்று என்று துணிந்துவிடலாகாது. பெரும்பாலானவை வேறு காரணத்தால் வந்தனவாக இருக்கும். ஆயினும் அதனை முடிவுசெய்ய வேண்டியவர் வைத்தியரேயன்றி அயல்வீட்டார் அல்லர்.

மாதத்துக்கு ஒருமுறை, வாயை நன்கு கழுவி, கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிட்டு, முற்றத்து வெளிச்சத்தில் கண்ணாடியுடன் நில்லுங்கள். உதட்டை வெளிப்புறமாக மடித்துப் பாருங்கள். விரலால் கன்னத்தை ஒதுக்கி, கடைவாய் வரை நோக்குங்கள். வெற்றிலை அடக்கும் பக்கத்தை இருமுறை நோக்குங்கள். தலையைப் பின்சாய்த்து அண்ணத்தைப் பார்த்தபின் நாக்கை வெளியே நீட்டி, ஒரு துணியாற் பிடித்து, இரு ஓரங்களையும் திருப்பிப் பார்க்கவேண்டும். நாக்கை மேலே தூக்கி அதன் அடியையும் காண்க. நாக்கின் ஓரமும் அடியும் பலர் மறந்துவிடும் இடங்கள். பின்பு கழுத்தின் இருபுறமும் விரல்களால் தடவுக. ஈற்றில், ஆட்காட்டி விரல் முதலாக மூன்று விரல்களைச் சேர்த்து, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையே நிமிர்த்தி நுழைத்துப் பார்க்கவேண்டும். பெரும்பாலோர்க்கு மூன்றும் நுழையும். இத்தனையும் செய்து முடிக்கச் செல்வது ஐந்து நிமிடமே.

சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பதற்கு நம்மவர் பெரிதும் அஞ்சுகின்றனர். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்பது ஊர்தோறும் வழங்கும் பேச்சு. சோதனைக்காக எடுக்கும் சிறு துண்டினால் நோய் பரவுவதில்லை. அதனை எடாமல் நோயின் தன்மையை உறுதியாக அறியவும் இயலாது. எம் நண்பரை ஏழு மாதம் தடுத்து வைத்தது இப்பேச்சே. தொடக்க நிலையிற் கண்டுபிடிக்கப்பட்ட சிறு புற்றுக்குச் சிகிச்சை பெற்றோரிற் பத்தில் எட்டுப் பேரளவினர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். கழுத்துக் கட்டிகளில் இறங்கியபின் அத்தொகை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்துவிடும். கேரளத்தில் 1996இல் தொடங்கிய பெரியதோர் ஆய்வு, சுகாதார ஊழியர் வீடுவீடாகச் சென்று வாயைப் பார்த்தமையால், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடத்து வாய்ப்புற்று மரணம் மூன்றிலொரு பங்களவு குறைந்ததை 2005இல் காட்டியது. அதற்கு முன்னரே, 1980களில், நம் நாட்டிலும் கிராமச் சுகாதார ஊழியரைக் கொண்டு வாய்நோய்களைக் கண்டறியலாம் என்பதை ஆராய்ந்து காட்டியிருந்தனர். வட மாகாணத்தார் இன்று சிகிச்சைக்கு மகரகமவுக்கே செல்லவேண்டும் என்றில்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அரசினர் வைத்தியசாலையில் இச்சோதனைகளுக்குக் கட்டணமும் இல்லை.

இது முதியோர் நோய் என்று மாணவர் எண்ணிவிடக் கூடாது. நாற்பதைக் கடந்தோரிடமே மிகுதியாகக் காணப்படுவது உண்மை. ஆயினும் விதை ஊன்றப்படுவது முன்னரே. பாட்டியின் வெற்றிலைத் தட்டம் மறைந்துவரும் இந்நாளில், இனிப்பும் வாசனையும் சேர்த்த பாக்குத் தூள் சிறு பொட்டலங்களில் இளைஞரை நாடி வருகின்றது. மாவா என்னும் பெயரில் விற்கப்படுவதைப் பற்றி எம்மிலும் மாணவரே நன்கறிவர். அதைச் சட்டைப்பையில் வைத்து, கன்னத்தில் அடக்கிக்கொண்டு, வகுப்பில் இருக்கலாம். புகையும் இல்லை, மணத்தையும் இனிப்பு மறைத்துவிடும். இருபத்தொரு வயதுக்குட்பட்டோர்க்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. இனிப்பும் மணமும் ஊட்டிய மெல்லும் புகையிலையை 2016இல் வந்த ஒழுங்குவிதிகள் தடைசெய்தன. சட்டம் வாசலில் நிற்கும். பொட்டலம் வேலிக்குள்ளால் வரும்.

வேறொரு காரணமும் உண்டு. தொண்டையின் பின்புறத்திலும் நாக்கின் அடிவேரிலும் வரும் புற்றுக்கு பப்பிலோமா என்னும் வைரசு காரணமாதலை மேலை நாடுகளில் இளவயதினரிடத்தும் மிகுதியாகக் கண்டுள்ளனர். இதற்குரிய தடுப்பூசி 2017 முதல் நம் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு மாணவியர்க்குக் கருப்பைக் கழுத்துப் புற்றைத் தடுப்பதற்காக ஏற்றப்படுகின்றது. நம் நாட்டு வாய்ப்புற்றுக்கு முதற் காரணம் இன்னும் பாக்கும் புகையிலையும் மதுவுமே.

உயிரெழுத்துக்களின் பிறப்பைக் கற்பிக்கையில், அகரமும் ஆகாரமும் வாயைத் திறத்தலாகிய முயற்சியால் பிறப்பன என்று கூறி, வகுப்பினரை வாய்திறந்து ஒலிக்கச் செய்வது எம் வழக்கம். அவ்வாறு செய்த ஒரு நாள் மேல்வகுப்பு மாணவன் ஒருவனின் ஆகாரம் சரியாக எழவில்லை. குறும்பு என்று கருதிக் கடிந்தோம். பாடம் முடிந்தபின் அவன் தனியே வந்து, "சேர், எனக்கு இதுக்கு மேல வாய் திறக்க ஏலாது" என்றான். மூன்று விரல் வைத்துப் பார்க்கச் சொன்னோம், இரண்டே நுழைந்தன. பதினான்கு வயதிலிருந்து பாக்குப் பொட்டலம் போட்டிருக்கின்றான். வீட்டில் யாருக்கும் தெரியாது. தகப்பனாரை அழைத்து, அடியாமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுமாறு கேட்டுக்கொண்டோம். அவரும் அவ்வாறே செய்தார்.

இக்கதையைக் கேட்ட விழாக் குழுவின் அன்பர் ஒருவர், ஜூபிலி விழா வரவேற்பில் தாம்பூலத் தட்டு வைப்பதா தவிர்ப்பதா என்று எம்மை வினவினார். மங்கலப் பொருளாக வெற்றிலையும் பழமும் மஞ்சளும் இருக்கட்டும், சீவற் பாக்கும் புகையிலையும் வேண்டா என்றோம். பழைய மாணவர் சிலர் முகஞ் சுளிப்பர் என்பதை அறிவோம். பல் வைத்தியராகப் பணிபுரியும் பழைய மாணவரும் நம்மிடையே உளர். விழா நாளில் மண்டபத்தின் ஒரு மூலையில் இரண்டு நாற்காலியும் ஒரு விளக்கும் இட்டு, வருவோர் வாயைப் பார்த்து அனுப்புவரேல், முகஞ் சுளித்தவரை முதலில் அமர்த்தலாம்.

அம்மாணவனுக்கு இப்பொழுதும் இரண்டு விரலும் சிறிதுமே நுழைகின்றன. பொட்டலத்தை விட்டு ஓராண்டாகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை வைத்தியசாலைக்குச் செல்கின்றான். சென்ற முறை யாமும் உடன் சென்று, அவனுக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்து, எம் வாயையும் காட்டி வந்தோம்.