ஒரே கூரை – 11: கரண்ட் போன ராத்திரி

கரண்ட் போனால் கொழும்பில் இருப்பவர் போனைத் தேடுவார். தோட்டத்தில் முதலில் தேடுவது அடுத்த லயத்தை. இஸ்தோப்பில் நின்றபடியே ஒரு குரல் போகும்.

“பெரியம்மா, ஒங்க லயத்துல லைட் இருக்கா?”

“எங்க இருக்கு தம்பி! மேட்டு லயமும் இருட்டாத்தான் கெடக்கு. பங்களாவ எட்டிப் பாரு.”

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. நம் காம்பராவில் மட்டும் இருட்டென்றால் ட்ரிப் சுவிட்சோ பியூஸோ போயிருக்கும். லயம் முழுக்க இருட்டென்றால் பெரும்பாலும் கிட்டத்துக் கம்பத்தில்தான் வில்லங்கம். பங்களாவும் தொழிற்சாலையும் சேர்ந்து அணைந்திருந்தால் பெரிய லைனில் எங்கோ மரம் விழுந்திருக்கிறது. இன்றைக்கு வராது என்று வைத்துக்கொண்டு சமையலை முடிக்கலாம். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பிவிட்டால் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் இது வாடிக்கை. சில வேளை காற்றும் வேண்டியதில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாக அமைச்சர் சொன்னார். டயகமை வரைக்கும் லைட் அணைந்தது. குரங்கோடு குடித்தனம் நடத்தும் நம் ஆட்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் நாட்டின் நீர்மின்சாரம் பிறந்த மண் இது. மஸ்கெலி ஓயாவையும் கெஹெல்கமு ஓயாவையும் பார்த்து, இந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர கட்டுரை படித்தது 1918இல். லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோவில் இன்றும் தலைகாட்டும். மின்கம்பி லயத்துக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. லயத்துக்குள் இன்னும் பல தசாப்தங்களுக்குக் குப்பி லாம்புதான்.

அந்தக் குப்பி லாம்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். காலி மருந்துப் போத்தல், தகரத் துண்டில் ஓர் ஓட்டை, கிழிசல் துணியில் திரி, பாதிக்கு மண்ணெண்ணெய். உயரமும் கனமின்மையும்தான் அதன் நோய். பூனை உரசினால் சாயும், சாய்ந்தால் உருளும், உருண்டால் திருகில்லாத மூடி கழன்று எண்ணெய் கொட்டும், கொட்டிய எண்ணெயைத் திரி பற்றவைக்கும். இப்படி வெந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, காயத்தை விட்டு விளக்கைத் திருத்தப் போனார். மார்மைட் போத்தலின் குள்ளமான, கனத்த உருவம் அவருக்கு யோசனை கொடுத்தது. 1992இல் வந்த ‘சுதீப’ விளக்கு தடித்த கண்ணாடியில் குட்டையாக இருக்கும். இரண்டு பக்கம் தட்டை என்பதால் விழுந்தாலும் உருளாது. திருகு மூடி என்பதால் எண்ணெய் சிந்தாது. 1998இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. இந்த நாட்டில் செய்யப்பட்ட பொருட்களில் மிகப் புத்திசாலித்தனமான ஒன்று அது என்பது என் கட்சி.

குப்பி லாம்பு ஒழிந்தது என்று நினைத்திருந்தோம். 2022 வந்தது. மார்ச் 31ஆம் திகதி 13 மணிநேர மின்வெட்டு. மூலையில் கிடந்த போத்தல்களை ஆட்கள் மறுபடி தேடி எடுத்தார்கள். ஓகஸ்டில் 87 ரூபாய் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ஆனதும் போத்தலும் காய்ந்தது, மெழுகுதிரி வந்தது.

மெழுகுதிரி சாதுபோலத் தெரியும். டீவி மேலே, பிளாஸ்டிக் மூடியில் ஒட்டிவைத்த மெழுகுதிரி அடிவரை எரிந்தால் மூடியையும் டீவியையும் சேர்த்துத்தான் எரிக்கும். 10க்கு 12 அடிக் காம்பராவில் கொடியில் துணி, கட்டிலில் பிள்ளை, பக்கத்தில் புத்தகம். போன வாரம் கூரையைப் பற்றி எழுதியபோது சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள்: பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. மேலே புகை பிடித்துக் காய்ந்த மரச்சட்டம், அட்டலில் விறகு. மூன்றாம் காம்பராவில் பிடித்த தீ சுவரேறி நாலாம் காம்பராவுக்குப் போகக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. ஹட்டனிலிருந்து தீயணைப்பு வண்டி வளைவெல்லாம் ஏறி வருவதற்குள் வரிசையே தகரமாக நிற்கும். மின்தடைக்கான அறிவுரைத் தாள்கள் எல்லாம் ‘உங்கள் வீடு’ என்றே பேசுகின்றன. லயத்தில் அந்தக் கணக்கு சரிவராது. பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே கூரை என்றால் பன்னிரண்டு வீட்டு மெழுகுதிரிக்கும் நாம்தான் பொறுப்பு. ஆகவே சார்ஜ் பண்ணும் எல்ஈடி லாம்பு வாங்க வசதியுள்ள வீடு தனக்கு ஒன்று வாங்கும்போது, தனியாக இருக்கும் பாட்டிக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கட்டும். இதைத் தர்மமாகச் சொல்லவில்லை, சுயநலமாகவே சொல்கிறேன்.

நெருப்பு வைத்தே ஆகவேண்டுமென்றால் அகலமான சட்டியில் மணல் போட்டு அதில் மெழுகுதிரியை நடுங்கள். தூங்கும் முன் அணையுங்கள். மண்ணெண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய் தண்ணீரில் மிதந்து தீயைச் சுமந்துகொண்டு ஓடும். நனைத்த சணல் சாக்கைப் போட்டு மூட வேண்டும். அவசரத்தில் கைக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் படங்கைப் போட்டுவிடாதீர்கள், அது உருகி ஒட்டும்.

அடுத்தது குளிர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தை, மாசியில் உறைபனி கொட்டும். ஹீட்டர் இல்லாத ராத்திரியில் அடுப்புக் கரியைச் சட்டியில் அள்ளி உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். புகை இல்லையே என்று தைரியம். கரி விடும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்தில் எழுந்து கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது. கரிச்சட்டியை இஸ்தோப்போடு நிறுத்துங்கள். கல்யாண வீட்டு ஜெனரேட்டர் இஸ்தோப்புக்கும் வரக் கூடாது, வெளியே தள்ளித்தான் நிற்க வேண்டும். அதன் வயரைச் சுவர் பிளக்கில் குத்துவது இன்னும் மோசம், லைனில் ஏறியிருக்கும் மின்சார சபைக்காரரின் உயிர் போகும்.

குளிரில் ஒரு நன்மையும் உண்டு. பிரிஜ் நின்றதும் இன்சுலின் கெட்டுவிடும் என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 பாகைக்குக் கீழே சுமார் நாலு வாரம் தாங்கும். நம்மூரில் அடுப்பு இல்லாத மூலையில் வைத்தால் போதும்.

கரண்ட் திரும்பி வரும் நேரத்தை ஆட்கள் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்த நேரத்தில்தான் பயம். துணிமேல் வைத்த அயன் பெட்டியின் சுவிட்ச் போட்டபடியே கிடக்கும். ஆள் கொழுந்தெடுக்கப் போயிருப்பார். ஆகவே கரண்ட் போனவுடனே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு பல்பை மட்டும் போட்டு வையுங்கள், வந்தது தெரியும். லயத் தீ என்றால் பத்திரிகையில் பெரும்பாலும் ‘மின்னொழுக்கு’ என்று ஒரு சொல்லில் முடிப்பார்கள். பியூஸ் கம்பிக்குப் பதிலாக முறுக்கிய செப்பு வயர், ஒரே மீற்றரிலிருந்து பின்பக்கக் குடிசைக்கு இழுத்த இணைப்பு, மாதம் ஒருமுறை ‘டி’ பொத்தானை அமுக்கிப் பார்க்காத ட்ரிப் சுவிட்ச், எல்லாம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும்.

விடிந்தபின் இன்னொரு ஆபத்து. ராத்திரிக் காற்றில் அறுந்த கம்பி தேயிலைச் செடிமேல் கிடக்கும். ஈரமான மலையில் முதலில் இறங்குவது கொழுந்தெடுக்கும் பெண்கள். செத்த கம்பிதானே என்று யாரும் தாண்டக் கூடாது. எந்த நிமிடமும் உயிர் வரலாம். பெரட்டிலேயே கங்காணியிடம் சொல்லி அந்த மலைக்கு ஆள் போடாமல் நிறுத்த வேண்டும்.

மின்சார சபைக்கும் சொல்ல வேண்டும், அதற்குப் போனில் சார்ஜ் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலை சரிந்தபோது கரண்டோடு போன் கோபுரங்களும் ஓய்ந்தன. பாட்டுக் கேட்டே பற்றரியைத் தீர்த்தவர்கள் சிக்னல் திரும்பியபோது தவித்தார்கள். மின்சார சபைக்கு 1987, அம்புலன்சுக்கு 1990, அனர்த்தத்துக்கு 117. 1987க்கு அடித்தால் “விலாசம் என்ன?” என்று கேட்பார்கள். “பணிய லயம், ஆறாம் காம்பரா” என்றால் அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் புரியாது. மின் பட்டியலில் இருக்கும் கணக்கு இலக்கத்தைச் சொன்னால் புரியும். அதைக் கதவின் உள்பக்கம் பெரிதாக எழுதி வையுங்கள். பட்டியலே பக்கத்து வீட்டுப் பெயரில் வருகிறவர்கள் அந்த இலக்கத்தையும் கேட்டு வாங்கி எழுதிக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: லயத்துக்கு விலாசம் உண்டா?)